15 பவுண்டு 2 பவுண்டாகிப்போன கதை: பழைய அமெரிக்கக் குடும்பக் கணக்கைப் படிப்பது எப்படி

விருதுநகரில் 32 வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வணிகவியல் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு வருஷத்தில் பாதி நாள் மகன் வீட்டில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்குப் பக்கம், கனெக்டிகட் ஆற்றை ஒட்டிய ஒரு சிற்றூரில். பக்கத்து வீட்டில் எழுபத்தாறு வயது அம்மாள் ஒருவர் இருக்கிறார். என் மனசுக்குள் அவர் அக்கா. போன வருஷம் ஒருநாள் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே அட்டை பிய்ந்த ஒரு நோட்டு, தோல் அட்டை போட்ட நீளமான இன்னொரு நோட்டு, நாடாவால் கட்டிய நாற்பது, ஐம்பது தாள்கள். எல்லாம் அவருடைய முன்னோர் ஒருவர் எழுதியவை. சின்னதாகக் கடை, கூடவே விவசாயம். "1750இல் மனுஷர் திவாலாகிவிட்டார். அதற்கு முன்னால் பெரிய பணக்காரர். கணக்கிலேயே தெரியும், பாருங்கள்" என்றார்.

கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அது என்ன சொன்னது என்று கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்தில் நான் செய்த தப்புகளை நீங்கள் செய்யாமலிருக்கத்தான் இதை எழுதுகிறேன். மருமகள் வீட்டு வழியிலோ, வாங்கிய பழைய வீட்டின் பரணிலோ இப்படி ஒரு பெட்டி உங்கள் கைக்கும் வரலாம்.

முதல் நாள் எதையும் படிக்காதீர்கள். நாடாவை அவிழ்ப்பதற்கு முன் ஒரு படம், ஒவ்வொரு தாளையும் எடுக்க எடுக்க ஒரு படம். எந்தத் தாள் எந்தப் பக்கத்துக்கு நடுவில் செருகியிருந்தது என்று பென்சிலால் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடமே பாதி சாட்சி. செலோடேப், லேமினேஷன், ரப்பர் பேண்ட் கூடாது. கையுறையும் வேண்டாம். கழுவித் துடைத்த கை போதும்.

நாள்வழியா, பேரேடா?

அட்டை பிய்ந்தது நாள்வழி. அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதியது. தோல் அட்டை போட்டது பேரேடு. ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, நாள்வழியிலிருந்து பெயர்த்தெழுதியது. இந்த வித்தியாசம் தெரியாமல் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து வரலாறு போலப் படித்தால் தலை சுற்றும். 14ஆம் பக்கத்தில் ஒருவர் கணக்கு 1751 வரை போகும், 15ஆம் பக்கத்தில் அடுத்தவர் கணக்கு 1738இல் தொடங்கும். தேதி வரிசை வேண்டுமென்றால் நாள்வழிக்குத்தான் போக வேண்டும்.

பேரேட்டைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு. பற்று வரிகளெல்லாம் "டு" என்று தொடங்குகின்றன, வரவு வரிகள் "பை" என்று. நம் ஊர்ப் பிள்ளைகள் இன்றைக்கும் அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்யும் அதே "டு", "பை"! கரும்பலகையில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேன்.

ஆனால் அக்கா வீட்டில் இதைத் தலைகீழாகப் படித்து வைத்திருந்தார்கள். "பை 3 நாள் அறுவடை" என்ற வரியைப் பார்த்து, தங்கள் பாட்டனார் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனதாக நினைத்திருந்தார்கள். பக்கத்தின் தலையில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய கணக்கு அது. "டு" என்றால் புத்தகக்காரர் அவருக்குக் கொடுத்தது: ரம், வெல்லப்பாகு, ஆணி, உப்பு. "பை" என்றால் அவர் புத்தகக்காரருக்குத் திருப்பிக் கொடுத்தது: அறுவடை வேலை, விறகு, நெய்த துணி, ஒரு பீப்பாய் ஆப்பிள் சைடர். ஆக, அறுத்தவர் வாடிக்கையாளர். ரம் வாங்கிய கடனை உடம்பால் அடைத்திருக்கிறார். பக்கம் முழுக்கப் பவுண்டும் ஷில்லிங்குமாக எழுதியிருக்கும், ஒரு நாணயம்கூடக் கைமாறியிருக்காது. பணம் அங்கே அளவுகோல், அவ்வளவுதான்.

பக்கத்தின் குறுக்கே பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தால் "தப்பு" என்று அர்த்தமில்லை, கணக்கு நேராகிவிட்டது என்று அர்த்தம். அதன் கீழே இருவரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எழுதத் தெரியாதவர் ஒரு சின்னக் குறி வைத்திருப்பார், கைநாட்டு மாதிரி.

தேதிதான் முதல் கண்ணி

1752 வரை பிரிட்டனும் அதன் காலனிகளும் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தன. இங்கிலாந்திலும் காலனிகளிலும் சட்டப்படி வருஷம் பிறந்தது மார்ச் 25இல். அதனால் 1739 டிசம்பருக்கு அடுத்து வருவது 1739 ஜனவரி! பிப்ரவரியும் 1739தான். மார்ச் 24 வரை 1739தான், மறுநாள்தான் 1740. சிலர் குழப்பம் வராமலிருக்க 1739/40 என்று இரண்டையும் எழுதினார்கள். சிலர் ஜனவரியிலேயே வருஷத்தை மாற்றினார்கள். ஒரே ஆள் ஒரு வருஷம் இப்படியும் மறுவருஷம் அப்படியும் எழுதியதையும் பார்த்தேன்.

1751ஆம் வருஷம் மார்ச் 25இல் பிறந்து டிசம்பர் 31இல் முடிந்துவிட்டது. 1752இல் செப்டம்பர் 2 புதன்கிழமைக்கு மறுநாள் வியாழன், செப்டம்பர் 14. நடுவில் 11 நாளைக் காணவில்லை என்று நாள்வழியில் பக்கம் தேடாதீர்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த தேதியும் பழைய கணக்கில் 1731/2 பிப்ரவரி 11தான். இப்போது எல்லோரும் சொல்வது 1732 பிப்ரவரி 22.

இனி எனக்கு வந்த சோதனையைச் சொல்கிறேன். நாள்வழியின் ஒரு உதிரித் தாளில் "ஜனவரி 14, 1739" என்று இருந்தது. முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. இது நாம் சொல்லும் 1739ஆ, 1740ஆ?

கிழமை பார்த்தேன். 1700 மார்ச்சிலிருந்து 1752 வரையிலான பழைய தேதியோடு 11 நாளைக் கூட்டி, வருகிற தேதிக்கு இன்றைய நாட்காட்டிப்படி கிழமை பார்க்க வேண்டும். கிழமை பார்க்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. 1739 என்று வைத்தால் ஜனவரி 25, ஞாயிறு. 1740 என்று வைத்தால் ஜனவரி 25, திங்கள். நியூ இங்கிலாந்தில் (மாசசூசெட்ஸும் அதைச் சுற்றிய வடகிழக்குக் காலனிகளும்) பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களின் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து ரம் அளந்திருந்தால் அந்த மனுஷரைச் சபையில் நிறுத்திக் கேள்வி கேட்டிருப்பார்கள். ஆக 1740. (கிறிஸ்துமஸ் அன்று வியாபாரம் நடந்திருந்தால் மட்டும் சந்தேகப்படாதீர்கள். அங்கே அது சாதாரண வேலை நாள். 1659 முதல் 1681 வரை மாசசூசெட்ஸில் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் அபராதமே உண்டு.)

ஒரு சாட்சியை நம்பி முடிவு கட்டக் கூடாது என்பது கணக்கு வாத்தியார் புத்தி. நாடாக் கட்டில் அதே தேதியிட்ட ஒரு கடன் பத்திரம் கிடைத்தது. அதில் "இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் ஆட்சியில் பதின்மூன்றாம் ஆண்டு" என்று எழுதியிருந்தது. அவர் பட்டத்துக்கு வந்தது 1727 ஜூன் 11. அதிலிருந்து எண்ணினால் பதின்மூன்றாம் ஆண்டு 1739 ஜூன் 11இல் தொடங்கி 1740 ஜூன் 10இல் முடிகிறது. அதற்குள் ஒரே ஒரு ஜனவரிதான் வரும், 1740 ஜனவரி. அன்றைக்கு ராத்திரி மகனைக் கூப்பிட்டு இதை விளக்கினேன். "சரிம்மா, சாப்பிடலாமா" என்றான்.

பத்திரங்களில் இந்த ஆட்சியாண்டு பெரும்பாலும் இருக்கும், விடாதீர்கள். மூன்றாம் ஜார்ஜுக்கு 1760 அக்டோபர் 25இலிருந்து எண்ண வேண்டும்.

மாதப் பெயரிலும் வழுக்கும். 7 போட்டு "பர்" என்று ஒட்டியிருந்தால் ஜூலை இல்லை, செப்டம்பர். 8 போட்டால் அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். லத்தீனில் செப்டம் என்றால் ஏழு. பென்சில்வேனியாவின் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்கள் தெய்வங்களின் பெயரில் மாதத்தைச் சொல்வது பாவம் என்று வெறும் எண்ணாக எழுதினார்கள். 1752க்கு முன்னால் அவர்களுக்கு முதல் மாதம் மார்ச். எனவே "3ஆம் மாதம்" என்றால் மே. 1752 முதல் அதுவே மார்ச்.

தேதியே இல்லாத தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் ஓர் அங்குல இடைவெளியில் கோடுகளும் தெரிந்தால் பழைய முறைக் காகிதம். கோடே இல்லாமல் வழவழவென்று இருந்தால் எச்சரிக்கை. அந்த வகைக் காகிதம் இங்கிலாந்திலேயே 1750களில்தான் வந்தது. அமெரிக்கக் கணக்குகளில் சகஜமானது அந்த நூற்றாண்டின் கடைசியில். "1732" என்று தேதி போட்ட தாள் அந்தக் காகிதத்தில் இருந்தால் அது பின்னாளில் யாரோ எடுத்த நகல். முன்னட்டையின் உள்பக்கக் கையெழுத்தையும் நம்பாதீர்கள். எங்கள் பேரேட்டில் 1812 என்று அழகாக ஒரு பெயர். அது பேரன், கூட்டல் கணக்குப் போட்டுப் பழகிய இடம்.

ஷில்லிங் இருக்கிறது, ஆகவே சுதந்திரத்துக்கு முன்னால் என்பதும் தப்பு. 1790களில் டாலர் கணக்கு வந்த பிறகும் கிராமத்து ஆட்கள் பல வருஷம் ஷில்லிங்கிலேயே எழுதினார்கள். நயா பைசா வந்த பிறகும் என் அம்மா ஓரணா, ரெண்டணா என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எந்தப் பவுண்டு?

12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. பென்னியில் கால் பங்கு ஃபார்திங். இது சுலபம். ஒவ்வொரு பத்தியையும் நீங்களே கூட்டிப் பாருங்கள். கையெழுத்தில் 1ஆ 7ஆ என்று தெரியாத எண்ணைக் கூட்டுத்தொகை சொல்லிவிடும்.

கஷ்டம் வேறு இடத்தில். பவுண்டு என்று நாணயமே அந்தக் காலனிகளில் புழங்கவில்லை. அது ஏட்டில் மட்டும் இருந்த பணம். கையில் புரண்டது ஸ்பானிய வெள்ளி டாலர். அந்த ஒரே டாலருக்குக் காலனிக்குக் காலனி வேறு மதிப்பு. லண்டன் ஸ்டெர்லிங்கில் 4 ஷில்லிங் 6 பென்ஸ். 18ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நியூ இங்கிலாந்திலும் வர்ஜீனியாவிலும் 6 ஷில்லிங், பென்சில்வேனியாவில் 7 ஷில்லிங் 6 பென்ஸ், நியூயார்க்கில் 8 ஷில்லிங். ஆகவே "நியூயார்க் மாமா 8 பவுண்டு வைத்திருந்தார், பாஸ்டன் மாமாவிடம் 6 பவுண்டுதான்" என்று யாராவது ஒப்பிட்டால், இருவரிடமும் 20 டாலர்தான். நாணயத்தின் மேல் போட்ட வருஷத்தையும் நம்ப முடியாது. மாசசூசெட்ஸ் அச்சடித்த பைன் மரச் ஷில்லிங்குகள் 1682 வரை வந்தவை, எல்லாவற்றிலும் வருஷம் 1652.

இப்போது திவாலுக்கு வருகிறேன். மாசசூசெட்ஸ் 1690இலேயே காகிதப் பணம் அடித்தது. போர்ச் செலவுக்கு மேலும் மேலும் அடித்து, அதன் மதிப்பு சரிந்துகொண்டே போனது. "ஓல்டு டெனர்" என்பது அந்தக் காகிதம். 1737இலிருந்து "நியூ டெனர்" என்று இன்னொன்று. 1745இல் நியூ இங்கிலாந்துப் படை கனடாப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களின் லூயிபர்க் கோட்டையைப் பிடித்தது. அந்தச் செலவுக்கு ஈடாக பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1,83,649 பவுண்டு ஸ்டெர்லிங் கொடுத்தது. 1749இல் அது வெள்ளியும் செம்புமாகப் பெட்டி பெட்டியாகப் பாஸ்டனில் வந்து இறங்கியது. அந்த வெள்ளியைக் கொண்டு, 1750இலிருந்து காகிதத்தையெல்லாம் மாகாணம் திரும்ப வாங்கியது. விகிதம்: ஒரு ஸ்பானிய டாலருக்கு ஓல்டு டெனர் 45 ஷில்லிங், நியூ டெனர் என்றால் 11 ஷில்லிங் 3 பென்ஸ். புதிய "சட்டப் பணத்தில்" அதே டாலர் 6 ஷில்லிங். 45ஐ 6ஆல் வகுத்தால் ஏழரை.

பேரேட்டின் 1750ஆம் வருஷப் பக்கங்களில் பாட்டனார் உட்கார்ந்து ஒவ்வொரு பாக்கியையும் ஏழரையால் வகுத்திருக்கிறார். ஒருவரிடமிருந்து வர வேண்டிய 15 பவுண்டு 2 பவுண்டாகிறது. முந்தைய எண்ணுக்குப் பக்கத்தில் "ஓ.டி." என்றும் அடுத்ததில் "எல்.எம்." என்றும் பொடியாக இரண்டு எழுத்துகள். முதலாவது ஓல்டு டெனர், அடுத்தது "லாஃபுல் மணி", அதாவது சட்டப் பணம். அக்கா வீட்டில் ஏழு தலைமுறை அந்த இரண்டெழுத்தைப் பார்க்கவில்லை. எண்கள் சுருங்கியதை மட்டும் பார்த்தார்கள். மனுஷர் ஒரு பைசாகூட இழக்கவில்லை. ஏறக்குறைய எல்லா வாடிக்கையாளரும் மறு மாதமே மறுபடி கணக்குத் தொடங்கியிருக்கிறார்கள்.

குறி இல்லாத கணக்கில் என்ன செய்வது? ஒரே சரக்கின் விலையை வருஷவாரியாக எழுதிப் பாருங்கள். ஒரு புஷல் (தானியம் அளக்கும் அளவு) சோளம், ஒரு நாள் கூலி, இரண்டு போதும். படிப்படியாக ஏறிக்கொண்டே போய் ஒரு பக்கத்தில் ஏழில் ஒரு பங்காகப் பொத்தென்று விழுந்தால், பணம் மாறிய இடம் அது. அந்தக் கூலியையே அளவுகோலாகவும் வைத்துக்கொள்ளலாம். "இன்றைய டாலரில் எவ்வளவு?" என்று எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்வதில்லை. ஒரு காலன் ரம்முக்கு எத்தனை நாள் புல் அறுக்க வேண்டியிருந்தது என்று சொல்வேன். அதில் பொய் கிடையாது.

உங்கள் பெட்டி வர்ஜீனியாவிலிருந்து வந்திருந்தால் பணத்துக்குப் பதில் புகையிலையே கணக்கில் நிற்கும். பாதிரியாருக்குச் சட்டப்படி வருஷச் சம்பளம் 16,000 ராத்தல் (பவுண்டு எடை) புகையிலை. 1758இல் விளைச்சல் பொய்த்து விலை ஏறியபோது, ராத்தலுக்கு 2 பென்ஸ் வீதம் காசாகக் கொடுத்தால் போதும் என்று சட்டசபை சொல்லிவிட்டது. அதற்காகப் பெரிய வழக்கெல்லாம் நடந்தது. அந்த ஆண்டுக் கணக்கில் புகையிலை திடீரென்று பென்ஸாக மாறியிருந்தால் காரணம் இதுதான்.

எடையில் ஒரு வார்த்தை. மூன்று எண்களைப் புள்ளி வைத்து 1.2.14 என்று எழுதியிருந்தால் பணம் என்று கூட்டிவிடாதீர்கள், நான் கூட்டினேன். அது அந்தர், கால், ராத்தல். ஓர் அந்தர் 112 ராத்தல், கால் 28. ஆக 182 ராத்தல் சர்க்கரை.

பத்திரமும் ஆட்களும்

கடன் பத்திரத்தில் முதலில் கண்ணில் படும் பெரிய தொகை கடன் அல்ல. "100 பவுண்டுக்குக் கட்டுப்பட்டிருக்கிறேன்" என்று மேலே இருக்கும். கீழே, "50 பவுண்டை வட்டியோடு இன்ன தேதிக்குள் கொடுத்துவிட்டால் இது செல்லாது" என்று இருக்கும். நிஜக் கடன் அந்த 50. மேலே உள்ளது தவறினால் வரும் தண்டம், வழக்கமாக இரட்டிப்பு. கையெழுத்து இருந்த மூலை கிழிந்திருந்தால் எலி கடித்ததாக நினைக்க வேண்டாம். கடன் தீர்ந்ததும் அவர்களே கிழிப்பார்கள்.

"ஜூனியர்" என்று பெயருக்குப் பின்னால் இருந்தால் மகன் என்று வம்சாவளியில் ஏற்றிவிடாதீர்கள். ஊரில் அதே பெயருள்ள இரண்டு பேரில் இளையவர், அவ்வளவுதான். சித்தப்பா மகனாகவும் இருக்கலாம், சம்பந்தமே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் ஜூனியர் சீனியராகிவிடுவார்.

எங்கள் பேரேட்டில் ஊர்ப் போதகரின் பக்கத்தில், வரவுப் பத்தியில், "பை உங்கள் நீக்ரோ 2 நாள்" என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை. வேலை செய்தவர் ஒருவர், வரவு வைத்தது இன்னொருவர் பெயரில். அடிமைத்தனம் தெற்கு மாநிலங்களின் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இதே ஆற்றங்கரையில், நார்தாம்டன் ஊரின் புகழ்பெற்ற போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1731இல் ரோட் ஐலண்டின் துறைமுகமான நியூபோர்ட்டுக்குப் போய் வீனஸ் என்ற சிறுமியை 80 பவுண்டுக்கு வாங்கியிருக்கிறார். ரசீது இருக்கிறது. மாசசூசெட்ஸில் இது முடிவுக்கு வந்தது 1780களின் நீதிமன்றத் தீர்ப்புகளால்தான். இறந்தவர் சொத்துப் பட்டியலில் பசுவுக்கும் கட்டிலுக்கும் நடுவே மனிதர்கள் விலையோடு வருவார்கள். அந்த வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள். தேதி, பக்கம், எழுதியிருப்பது எல்லாவற்றையும் அப்படியே படியெடுத்து, அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்திடம் கொடுங்கள். அந்த மனிதரின் சந்ததி எங்கோ அவரைத் தேடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே தடயம் உங்கள் பெட்டியாக இருக்கலாம். அக்கா இந்த வரியைப் பார்த்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இதையும் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார்.

பெட்டிக்கு வெளியேயும் சாட்சி தேடுங்கள். மாவட்ட நீதிமன்றத்தின் சொத்துப் பட்டியல்கள், நிலப் பதிவேடுகள், மாசசூசெட்ஸ் என்றால் 1771ஆம் ஆண்டு வரி மதிப்பீட்டுப் பட்டியல். அந்தப் பட்டியலில் வீடு, மாடு, தானியம், வட்டிக்கு விட்ட பணம் எல்லாம் பத்தி பத்தியாக இருக்கும். எங்கள் பாட்டனார் அதில் இருக்கிறார், வட்டிக்கு விட்ட பணத்தோடு.

கட்டின் அடியில் கடைசியாக ஒரு சின்னத் தாள். ஒரு பக்கத்து விவசாயியும் அவரும் கணக்குத் தீர்த்துக்கொண்ட ரசீது. "உலகம் தோன்றிய நாள் முதல் இன்றைய நாள் வரை" உள்ள எல்லாக் கணக்கும் தீர்ந்தது என்று எழுதியிருக்கிறது. அந்தக் கால ரசீதுகளில் இது வழக்கமான வாசகம்தான். இருந்தாலும், ரம்முக்கும் விறகுக்கும் உலகம் தோன்றிய நாளிலிருந்து கணக்கு வைத்த ஊர் என்று நினைக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

அக்காவிடம் திவாலே நடக்கவில்லை என்று தாள் போட்டு வகுத்துக் காட்டினேன். மூன்று தடவை கேட்டுப் புரிந்துகொண்டார். போன நன்றி நவிலல் விருந்தில் பேரப்பிள்ளைகளுக்கு மறுபடியும் திவால் கதையைத்தான் சொன்னாராம். ஏழரையால் வகுப்பதை விட அது கேட்க நன்றாக இருக்கிறதாம்.